மண்டபத்துக்கு முன் ஒரு வாடகைக் குடியிருப்பு

இந்த உடல்நலப் பக்கத்தில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்றுதான் எழுதுவோம். இம்முறை வீடு பற்றி எழுதுகின்றேன். வீட்டுக்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் என்னோடு ஸ்காபரோவில் உள்ள ஒரு வீட்டுக்கு வரவேண்டும்.

நான் ரொறன்ரோவில் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பார்க்கும் தாதியாக இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போதும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். இந்த ஆண்டு பெப்ரவரியில் அப்படித்தான் ஒரு மகன் கூப்பிட்டார். தாயாருக்கு 78 வயது. பேஸ்மென்ற் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று கிழமை. இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அம்மாவின் அறை கீழே. இறங்க 13 படி. ஒரு பக்கம் மட்டும் கைபிடி, அதுவும் ஆடுகின்றது. நடுத்தளத்தில் ஒரு சின்னக் கழிவறைதான், அதன் கதவுக்குள் வாக்கர் நுழையாது. மேலே மூன்று அறை. மகன், மருமகள், மூன்று பிள்ளைகள்.

"அன்ரி, அம்மாவை எங்கையும் விடுறதெண்ட கதையே இல்லை. ஆனா எங்க வைக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார் அந்தத் தம்பி. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அவர் இரவு வேலை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிலும் வரவில்லை.

வைத்தியசாலையில் கட்டில் காலியாக வேண்டும் என்ற அவசரத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கின்றது. வைத்தியசாலைச் சிகிச்சை இனித் தேவையில்லை, ஆனால் நீண்டகாலப் பராமரிப்புத் தேவை என்று மதிப்பிடப்பட்ட ஒருவரை, அவர் தெரிவு செய்யாத ஒரு பராமரிப்பு இல்லத்துக்கும் அனுப்ப வழி செய்யும் சட்டத்தை ஒன்ராறியோ 2022ஆம் ஆண்டு கொண்டுவந்தது. தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் தூரம் வரை அந்த இல்லம் இருக்கலாம். இடம் கிடைத்த பிறகும் வைத்தியசாலையை விட்டுப் போக மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடலாம். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத அம்மாவை எழுபது கிலோமீற்றருக்கு அப்பால், சோறும் கறியும் கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய் விடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த அம்மாவின் கால் தேறிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு வேண்டியது பராமரிப்பு இல்லம் அல்ல, படி இல்லாத ஒரு வீடு.

கனடாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் தொடக்கம் மூன்றில் ஒருவர் வரை ஆண்டுதோறும் விழுகின்றார்கள். முதியோரின் இடுப்பெலும்பு முறிவுகளில் 95 வீதம் விழுவதால் வருபவை. விழுந்து வைத்தியசாலைக்கு வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விழுந்தது தங்கள் சொந்த வீட்டுக்குள். கல்சியமும் வைட்டமின் டீயும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதின்மூன்று படியையும் வழுக்கும் குளியல் தொட்டியையும் வைத்துக்கொண்டு மாத்திரை மட்டும் விழுங்கி என்ன பயன்?

"முதியோர் குடியிருப்பு" என்று சொன்னவுடன் எம்மவர்களுக்கு முகம் மாறிவிடும். தாய் தகப்பனைக் கொண்டுபோய் விடுகிற இடம், பிள்ளைக்கு அவமானம் என்று நினைப்பார்கள். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. இருபத்துநாலு மணிநேரமும் தாதி இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் வேறு. மாதம் பல ஆயிரம் டொலர் கேட்கும் தனியார் ஓய்வு இல்லம் வேறு. நான் சொல்வது சாதாரண வாடகை வீடு. தன் பெயரில் ஒப்பந்தம், தன் கையில் திறப்பு, தன் அடுப்பு. பேரப்பிள்ளை வந்தால் படுக்க ஒரு சோபா. மகளின் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஊரில் அடுத்த வளவுக்குள் பெற்றோர் இருந்தால் யாரும் அதை "விட்டுவிட்டார்கள்" என்று சொல்லவில்லையே.

எத்தனை அம்மாமார் என்னிடம் இரகசியமாகச் சொல்லியிருக்கின்றார்கள் தெரியுமா? "பிள்ளை, மகன் தங்கமான பிள்ளை. ஆனா நான் நினைச்ச நேரம் ஒரு தேத்தண்ணி வைக்கக்கூட எனக்கு அங்க அடுப்பு இல்லை." இன்னொரு பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அம்மா அப்பாவின் ஓய்வூதியம் மோர்ட்கேஜுக்குப் போகின்றது. அது போனால் வீடு ஆட்டம் காணும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இனி வாடகைக் கணக்கு. வேறு வருமானம் இல்லாத தனி முதியவர் ஒருவருக்கு 2025ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியமும் அதனோடு சேரும் வருமான உதவித்தொகையும் சேர்ந்து மாதம் சுமார் 1800 டொலர். இதற்குக் கனடாவில் குறைந்தது பத்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்த பெற்றோர் பலருக்கு அந்தப் பத்து ஆண்டு முடியும் வரை ஒரு சதமும் இல்லை. அழைத்த பிள்ளையின் பொறுப்போ 2014க்குப் பிறகு கியூபெக்குக்கு வெளியே 20 ஆண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்ராறியோ உதவித்தொகை தனியாளுக்கு 2025இல் சுமார் 1400 டொலர். அதற்குள் வாடகைக்கென்று கணக்கிடுவது சுமார் 600.

ரொறன்ரோவில் ஓர் அறை கொண்ட வீட்டின் சராசரி வாடகை 1700 டொலரைத் தாண்டிவிட்டது. இது பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களையும் சேர்த்த சராசரி. இன்று புதிதாகத் தேடிப் போனால் இன்னும் கூட. அரசாங்கத் திட்டங்களில் "கட்டுப்படியான வாடகை" என்று அழகாக ஒரு சொல் வரும். பல திட்டங்களில் அதன் பொருள் சராசரி வாடகையின் 80 வீதம். அதாவது 1360 டொலர். 1800 வருகிறவர் 1360 கொடுத்தால் மிச்சம் 440. அதில்தான் சாப்பாடு, தொலைபேசி, மருந்தகத்தில் கட்டும் காசு எல்லாம். யாருக்குக் கட்டுப்படியாகும்? வருமானத்தின் 30 வீதம் என்ற அளவுகோலை வைத்தால் அவர் கொடுக்கக்கூடியது 540 டொலர். கட்டுப்படியான வீடு என்று யார் எங்கே அறிவித்தாலும், சந்தை வாடகையில் எத்தனை வீதமா அல்லது குடியிருப்பவரின் வருமானத்தில் எத்தனை வீதமா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு ஒன்ராறியோவில் வாடகை உயர்வு உச்சவரம்பு இல்லை. புதிதாகப் போட்ட பேஸ்மென்ற், புதிய கொண்டோ பலவும் இதற்குள் அடங்கும். முறைப்படி அறிவித்தல் கொடுத்துவிட்டு ஒரே ஆண்டில் முந்நூறு டொலர் கூட்டினாலும் அந்த வரம்பைக் காட்டித் தடுக்க முடியாது. நிலையான வருமானத்தில் இருக்கும் முதியவர் புதுக் கட்டிடத்தின் பளபளப்பைப் பார்த்து ஒப்பமிட முன் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வருமானத்துக்கேற்ற வாடகை வீடுகள் ரொறன்ரோவில் இல்லாமல் இல்லை. முதியோருக்கென்றே நகரசபையின் கூட்டுத்தாபனம் ஒன்று 2022 ஜூன் முதல் 83 கட்டிடங்களை நடத்துகின்றது. ஆனால் நகரின் காத்திருப்போர் பட்டியல் 2023இல் 80,000 குடும்பங்களைத் தாண்டியிருந்தது. பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களை நானே அறிவேன். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் விபரத்தைப் புதுப்பிக்க வேண்டும். காலியாகும் வீடுகளை இணையத்தில் பார்த்து விருப்பம் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளே, ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து அம்மா அப்பாவின் விண்ணப்பம் உயிரோடு இருக்கின்றதா என்று பாருங்கள். ஏழு வருடம் காத்திருந்து, கடிதத்துக்குப் பதில் போடாமல் பட்டியலில் இருந்து விழுந்தவர்கள் உண்டு.

பட்டியல் ஏன் இவ்வளவு நீண்டது என்பதற்குக் காரணம் தேடி அதிகம் அலையத் தேவையில்லை. புதிய சமூக வீடமைப்புக்கான பணத்தை மத்திய அரசு 1993இல் நிறுத்தியது. ஒன்ராறியோ 1995இல் தன் பங்கை நிறுத்தியது. பிறகு பழைய கட்டிடங்களின் சுமையையும் நகரசபைகளின் தலையில் ஏற்றியது. எம்மவர்கள் பெருமளவில் இங்கு வந்து சேர்ந்த காலம் அதுவேதான். கதவு சாத்தப்பட்ட நேரம் பார்த்து வாசலுக்கு வந்தவர்கள் நாங்கள்.

முதியோரைப் பற்றியாவது எங்கள் ஒன்றுகூடல்களில் பேசுகிறோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. கல்யாண வீட்டுக்கும் அவர்களைக் கூட்டி வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்கு 71 வயது. மகனுக்கு 36. பிறந்ததிலிருந்து சக்கர நாற்காலி. சிரித்த முகம், கிரிக்கெட் என்றால் உயிர். தாய்தான் தூக்கி இறக்குவது, குளிக்க வார்ப்பது, ஊட்டுவது. அவருடைய முதுகு போய்விட்டது. என்னிடம் ஒருமுறை கேட்டார்: "நேர்ஸ் அம்மா, எனக்கு முதல் இவன் போகவேணும் எண்டு கடவுளிட்டக் கேக்கிறன். இது பாவமோ?" ஒரு தாயின் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவதற்கு நாங்கள் எல்லோரும் பொறுப்பு.

இந்த இருவருக்கும் பொருத்தமான வீடு எது? முதியோருக்கென ஒதுக்கிய கட்டிடத்துக்கு வயதெல்லை உண்டு, மகன் பொருந்தமாட்டார். வருமானத்துக்கேற்ற வாடகையில் ஈரறை வீடு கிடைத்தாலும், தாய் இறந்த பிறகு மகன் "தேவைக்கு மேற்பட்ட அறை உள்ளவர்" என்று கணக்கிடப்பட்டு, சிறிய வீட்டுக்கு மாறும்படி கேட்கப்படலாம். தாயை இழந்த மாதங்களில் பழகிய அயலையும் பழகிய பராமரிப்பாளரையும் அவர் இழக்க வேண்டும். அதனால்தான் முதியோருக்கு ஒரு கட்டிடம், மாற்றுத்திறனாளிக்கு ஒரு கட்டிடம் என்று பிரிப்பதை நான் ஏற்பதில்லை. ஒரே கட்டிடத்தில் இருவருக்கும் இடம் வேண்டும். தாய் போன பின் மகன் அதே மாடியில் ஓரறை வீட்டுக்கு நகரலாம். இரண்டாவது அறை இரவுப் பராமரிப்பாளருக்கு என்றால் அங்கேயே இருந்துவிடவும் முடியும். இதையெல்லாம் ஆட்கள் குடிவந்த பிறகு யோசிக்க முடியாது. வரைபடம் கீறும்போதே, விதிகள் எழுதும்போதே யோசிக்க வேண்டும்.

வரைபடம் என்றதும் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவள் அல்லவா. 2015 முதல் ஒன்ராறியோவின் கட்டிட விதிப்படி புதிய அடுக்குமாடிகளில் 15 வீத வீடுகள் அடிப்படை அணுகல் வசதியோடு இருக்க வேண்டும். அது சக்கர நாற்காலியில் ஒருவர் விருந்தாளியாக வந்து போகலாம் என்ற அளவுதான், அங்கேயே வாழலாம் என்று அர்த்தம் இல்லை. கையால் தள்ளும் நாற்காலி திரும்பவே ஒன்றரை மீற்றர் வட்டம் வேண்டும், மின்சார நாற்காலிக்கு அதைவிடக் கூட. குளியல் தொட்டி வேண்டாம், தளத்தோடு சமமாக, நாற்காலியோடு உள்ளே போகும் ஷவர் வேண்டும். எங்கள் ஆட்கள் வாளியில் பிடித்துக் குளிக்கிறவர்கள், கால் கழுவுகிறவர்கள், கழிவறையில் தண்ணீர் பாவிக்கிறவர்கள். ஆகவே கைக் குழாய் தொடக்கத்திலேயே பொருத்தப்பட வேண்டும். ஈரம் ஓட வடிகால், நனைந்தாலும் வழுக்காத தரை. கைபிடியை இப்போது போடாவிட்டாலும் பின்னர் ஆணி தாங்கும்படி சுவருக்குள் பலகை வைத்துவிட வேண்டும். கட்டும்போது அது சில டொலர், பிறகு சுவரை உடைத்தால் சில நூறு.

சமையலறையை மறந்துவிடாதீர்கள். மிளகாய் தாளித்தால் கட்டிடம் முழுக்கத் தும்மும். வெளியே புகையைத் தள்ளும் நல்ல விசிறி இல்லாவிட்டால் அயலவரோடு சண்டை, அல்லது அம்மா சமைப்பதையே விட்டுவிடுவார். சமையலை விட்ட முதியவர் எவ்வளவு கெதியாக மெலிந்து போவார் என்று எனக்குத் தெரியும். அடுப்பின் திருகிகள் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். கொதிக்கும் சட்டிக்கு மேலால் கை நீட்டி சேலையில் நெருப்புப் பிடித்த ஒருவருக்கு நான் மருந்து கட்டியிருக்கின்றேன்.

எலிவேற்றர் இரண்டு வேண்டும், அவசர மின்பிறப்பாக்கியும் வேண்டும். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மின்சாரம் போய், மேல் மாடிகளில் முதியோர் நாட்கணக்கில் அகப்பட்டிருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒட்சிசன் இயந்திரத்தில் இருந்த ஒருவருக்காக நான் பதினொரு மாடி ஏறினேன், அப்போது எனக்குக் கால் இருந்தது. குளிர் மட்டுமல்ல, வெப்பமும் கொல்கின்றது. 2021 கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெப்ப அலையால் 619 பேர் இறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதைத் தாண்டியவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். அநேகமாக எல்லோருமே வீட்டுக்குள் இறந்தவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் குளிரூட்டி போட முடியாவிட்டால், குளிரூட்டிய பொது அறை ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அந்த அறையிலேயே பகலில் சீட்டாட்டமும் பஜனையும் நடக்கட்டும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. மலிவாகக் காணி கிடைக்கிறது என்று நகரத்துக்கு வெளியே போகவேண்டாம். பஸ் தரிப்பிடம், மரக்கறிக் கடை, மருந்தகம், குடும்ப வைத்தியர் எல்லாம் பனிக்காலத்தில் வாக்கரோடு நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். வீல் ட்ரான்ஸ் வண்டி மழை படாமல் வந்து நிற்க வாசலில் கூரை வேண்டும். எங்கள் கோயில்களுக்குப் பெரிய வாகனத் தரிப்பிடங்கள் இருக்கின்றனவே, அங்கே கட்டலாமே என்று ஒரு அன்பர் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்காபரோவில் பல கோயில்கள் தொழிற்சாலைப் பகுதிகளில் இருக்கின்றன. அங்கே குடியிருப்புக் கட்ட அனுமதி எடுப்பது மிகவும் கடினம். காணி வாங்க முன் நகரசபையின் வலய விதியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

காசுக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். முழுக் காசும் எங்களுடையதாக இருக்கத் தேவையில்லை. 2017இல் அறிவித்த தேசிய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வந்த மத்திய அரசின் கடனும் மானியமும் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் கிடைத்தன. அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, குறைந்தது ஐந்தில் ஒரு வீடு அணுகல் வசதியோடு இருக்க வேண்டும் என்பது. ரொறன்ரோ நகரசபை 2016இல் தொடங்கிய திட்டத்தில் கட்டுப்படியான வாடகை வீடுகளுக்கு அபிவிருத்திக் கட்டணத்தையும் சொத்து வரியையும் விட்டுக்கொடுத்தது. திட்டங்களின் பெயர்கள் அரசுக்கு அரசு மாறும். மாறாதது ஒன்று: காணியும், பதிவு செய்த அமைப்பும், ஆரம்பச் செலவுக்குக் கொஞ்சக் காசும் கையில் இருப்பவருக்குத்தான் கதவு திறக்கும்.

மற்றவர்கள் செய்யவில்லையா? இத்தாலியர் 1976இல் வில்லா கொலம்போவைத் திறந்தார்கள். சீன சமூகத்தவர், வைத்தியர் ஜோசப் வோங் முன்னின்று உழைக்க, 1994இல் ஸ்காபரோவில் யீ ஹோங் நிலையத்தைத் திறந்தார்கள். இன்று அது நான்கு இடங்களில் இயங்குகின்றது. அவர்களின் நிலையங்களில் ஒன்றில் தெற்காசிய முதியோருக்கென ஒரு பகுதி இருப்பதும் அங்கே எம்மவர்கள் தங்கியதும் எனக்குத் தெரியும். நன்றியோடு சொல்கின்றேன், கொஞ்சம் வெட்கத்தோடும் சொல்கின்றேன். நாங்கள் முடியாதவர்களும் அல்ல. ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டொலரை 2021இல் சேர்த்து முடித்த சமூகம் இது. தமிழ்ப் பெயரோடு ஒரு கூட்டுறவு வீடமைப்பும் இந்த நகரில் ஏற்கனவே உண்டு.

"தமிழருக்கு மட்டும் என்று வைக்க முடியாதாமே, பிறகு எதற்கு எங்கள் காசு?" என்று ஒரு நண்பர் கேட்டார். பொதுப் பணத்தோடு கட்டும் வீட்டில் அப்படிக் கதவில் எழுத வேண்டிய தேவை இல்லை. தமிழ் பேசும் ஊழியரும், எங்கள் சாப்பாடும், எங்கள் பஸ் வழியும் இருந்தால் எம்மவர்கள் தாமாகவே விண்ணப்பிப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டியும் ஒரு ஜமேக்காத் தாத்தாவும் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சென்ற பொதுக்கூட்டத்தில் எங்கள் சங்கத்தின் கட்டிட நிதியை மண்டபத்துக்கு ஒதுக்குவது என்று பேச்சு வந்தது. மண்டபம் எனக்கும் பிடிக்கும், என் பேத்தியும் பரதநாட்டியம் ஆடுகிறாள். ஆனால் ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்கு மத்திய, மாகாண அரசுகள் 26 மில்லியன் டொலருக்கு மேல் தருவதாக 2021இல் அறிவித்தன. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் தனித்தனி மண்டபம் தேடுவதற்குப் பதில், நிகழ்ச்சிகளைப் பொது இடங்களில் வாடகைக்கு எடுத்து நடத்தலாம். சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரத்துக்கு ஒரு மண்டபம் எப்படியும் கிடைத்துவிடும். சக்கர நாற்காலி திரும்பும் குளியலறை கிடைக்காது.

அந்த 78 வயது அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நடுத்தளத்தில் சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு வாடகைக் கட்டில் ஒன்று போட்டார்கள். குளிப்பு, பராமரிப்பு ஊழியர் வந்து ஈரத் துவாயால் துடைத்துவிடுவதுதான். திரைச்சீலை ஒன்று தொங்குகின்றது, அதற்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சியும் பேரப்பிள்ளைகளும். "பரவாயில்லை பிள்ளை, ஆஸ்பத்திரியை விட இது சுகம்" என்கிறார். நகரசபைப் பட்டியலுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கின்றேன். அவருக்கு எண்பதைத் தாண்டித்தான் பதில் வரும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு பிரேரணை எழுதி வைத்திருக்கின்றேன்: கட்டிட நிதியில் ஒரு பகுதியை, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான வாடகைக் குடியிருப்பு ஒன்றின் ஆரம்பத் திட்டமிடலுக்கு ஒதுக்குவது. வீடு கட்டும் தொழிலில் உள்ளவர்கள், சட்டத்தரணிகள், கணக்காளர்கள், முக்கியமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கொண்ட ஐந்து பேர் குழு ஒன்றை அமைப்பது. யாப்பின்படி வழிமொழிய ஒருவர் வேண்டும். விரும்புகிறவர்கள் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.